கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கலாமா?

கேள்வி:

ஐயா, நானும் என் கணவரும் விசுவாசிகள். கல்யாணமான நாளிலிருந்து சம்பளம் வந்ததும் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற செலவு. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, சந்தோஷமாகத்தான் கொடுத்தோம். போன வருடம் அவருக்கு வேலை போய்விட்டது. இப்போது கிடைத்திருக்கும் வேலையில் சம்பளம் பாதிதான். வீட்டுக் கடன் ஒரு பக்கம், மாமியாருக்கு நிறுத்த முடியாத மருந்து ஒரு பக்கம். இந்த நிலையில் சபைக் கட்டடத்துக்காக நடந்த கூட்டத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து நின்று பெரிய தொகை ஒன்றைத் தருவதாகப் பொருத்தனை செய்துவிட்டார். முதல் தவணையை கிரெடிட் கார்டில் எடுத்துக் கொடுத்தாயிற்று. இரண்டாவது தவணைக்கு மாமியாரின் மருந்துக்கு வைத்திருக்கும் பணத்தைக் கேட்கிறார். மாட்டேன் என்றேன். "உனக்கு விசுவாசம் இல்லை, தேவனையே வஞ்சிக்கிறாய், அதனால்தான் நமக்குக் குறைவு" என்கிறார். பிரசங்கத்திலும் அதையேதான் கேட்கிறேன். காணிக்கைப் பை கிட்டே வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. முன்பு பக்கத்து வீட்டு விதவை அம்மாவுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுப்பேன், பயத்தில் அதையும் நிறுத்திவிட்டேன். என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மருந்துப் பணத்தைத் தொட விடமாட்டேன் என்று நீங்கள் சொன்னது விசுவாசக் குறைவு இல்லை. சரியான முடிவு. அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள், இரண்டாவது தவணைக்காக கார்டையும் எடுக்க வேண்டாம். கடனில் சிக்கிய குடும்பங்களோடு உட்கார்ந்து அவர்கள் வரவு செலவைப் பார்ப்பதுதான் என் வேலை, சபைகளில் இதையே ஊழியமாகவும் செய்கிறேன். அந்த இரண்டு இடத்திலிருந்தும் இதே பதில்தான் வருகிறது.

முதலில் கார்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கேதான் நாளுக்கு நாள் நிலைமை மோசமாகிறது. உங்கள் கார்டுக்கு மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். ஒன்றும் கட்டாமல் விட்டால் 100 ஒரே வருடத்தில் 142-ஐத் தாண்டிவிடும். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை, அது நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தாலும் வருடக் கடைசியில் 100-க்கு 77 அப்படியே நிற்கும். பன்னிரண்டு மாதம் கட்டியும் முக்கால் பங்குக்கு மேல் பாக்கி. வட்டி எவ்வளவு என்பது ஒவ்வொரு கார்டுக்கும் மாறும், உங்கள் மாத அறிக்கையில் இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உங்கள் கணவர் ஆலயத்துக்கென்று கொடுத்த காணிக்கை போதாதென்று, இன்னொரு காணிக்கையை இப்போது உங்கள் குடும்பம் வங்கிக்கு மாதாமாதம் கட்டத் தொடங்கியிருக்கிறது. அதைக் கர்த்தர் கேட்டார் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

புதிய ஏற்பாட்டில் கொடுப்பதைப் பற்றி மிக விரிவாகப் பேசும் பகுதி 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள். எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காக, கிபி 50-களில், அப்போஸ்தலனாகிய பவுல் பல சபைகளில் பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். கட்டடம் எதற்கும் இல்லை, பசித்தவர்களுக்காக. அதில்தான் அந்த வரி வருகிறது: ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." இல்லாததிலிருந்து கொடுக்கச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வசனத்திலேயே, மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை என்கிறார். பணம் கேட்டு எழுதுகிற ஒருவர், கேட்கிற அதே மூச்சில், உங்களைக் கஷ்டத்தில் தள்ளிவிட்டு வேண்டாம் என்று சொல்லி வைக்கிறார் பாருங்கள்.

இதற்கு உங்கள் கணவரிடம் பதில் இருக்கும். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்களே என்பார். உண்மைதான், கொடுத்தார்கள். அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை, ஏனென்றால் தியாகமாகக் கொடுப்பது என்ற ஒன்று இருக்கிறது, அப்படிக் கொடுக்கிற ஏழை விசுவாசிகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் முன்னால் பேச்சு வருவதில்லை. ஆனால் அந்த மக்கெதோனியர் தாங்களாகவே மனதுள்ளவர்களாக வந்தார்கள், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பவுலைக் கெஞ்சிக் கேட்டார்கள். தங்களுக்கு உள்ளதிலிருந்து கொடுத்தார்களே தவிர, இன்னொருவருடைய மருந்தை நிறுத்திக் கொடுத்தார்கள் என்று எங்கேயும் இல்லை. நான் எனக்குரியதை விடுவது தியாகம். மருந்தை நம்பி இருக்கிற தாய்க்குரியதை நான் விட முடியாது, அது என்னுடையது இல்லை.

இந்த மருந்து விஷயத்தைக் கர்த்தராகிய இயேசுவே நேராகத் தொட்டிருக்கிறார். மாற்கு 7-ஆம் அதிகாரத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். அந்தக் காலத்தில் ஒருவன், பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு தாய்தகப்பனுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று போதித்து வந்தார்கள். இயேசு அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. தேவனுடைய வசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்று கடிந்துகொண்டார். உங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான், அம்மாவின் பணம் காணிக்கையாகப் போகப் பார்க்கிறது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதும் விதவைகளான தாய்மாரையும் பாட்டிமாரையும் பராமரிக்கிற பேச்சின் நடுவில்தான். மாமியாருக்கு மாத்திரை வாங்குவது காணிக்கைக்குப் போட்டியான செலவு இல்லை சகோதரி. அதுவும் தேவனுக்கு முன்பாகச் செய்கிற கடமைதான்.

அடுத்தது மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகம். "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" என்ற வசனத்தைச் சொல்லித்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்கள். மூன்றாம் அதிகாரத்தின் 8, 9, 10 வசனங்களை மட்டும் பிடுங்கி எடுத்து வாசிக்கிற பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. ஐந்தாம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். கூலிக்காரரின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்கள், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்கள், இவர்களுக்கு விரோதமாகச் சாட்சியாய் வருவேன் என்று கர்த்தர் சொல்லிவிட்டுத்தான் தசமபாகத்துக்கே வருகிறார். ஆலயத்தின் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொன்னது தானியமும் விளைச்சலும். ஆலயப் பணி செய்த லேவியருக்கு நிலத்தில் பங்கு கிடையாது, அவர்கள் அதில்தான் பிழைத்தார்கள். உபாகமம் 14-ஆம் அதிகாரம் சொல்கிறபடி, மூன்றாம் வருடத்துத் தசமபாகம் அந்தந்த ஊரிலேயே வைக்கப்பட்டு லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை இவர்கள் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும். கொண்டுவராமல் பிடித்து வைத்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. சம்பளம் பாதியாகி, கடனைக் கட்டி, வயதான தாயைப் பார்த்துக்கொள்கிற ஒரு குடும்பத்தின்மேல் அதைத் தூக்கிப் போடுவது அந்த வசனத்துக்குச் செய்கிற அநியாயம். உங்கள் வீட்டில் குறைவு வந்ததற்குக் காரணம் உங்கள் கணவருக்கு வேலை போனது. இதைவிடப் பெரிய காரணத்தைத் தேடி உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. மோசேயின் நியாயப்பிரமாணத்தில்கூட ஏழைக்கென்று தனி அளவு உண்டு. பிள்ளை பெற்ற பெண் சுத்திகரிப்புக்காக ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டால் இரண்டு காட்டுப்புறாக்களோ இரண்டு புறாக்குஞ்சுகளோ போதும் என்று லேவியராகமம் 12:8-இல் இருக்கிறது. லூக்கா 2:24-இல் மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவை எருசலேமுக்கு எடுத்து வந்தபோது எதைக் கொண்டுவந்தார்கள் என்று பாருங்கள். ஆடு இல்லை, பறவைகள்தான். ஏழைகளின் அளவு. ஆட்டுக்குட்டிக்காக அவர்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை, அந்தக் காணிக்கை குறைவானது என்று வேதம் எங்கேயும் சொல்லவும் இல்லை. உங்கள் கணவர் இந்த வசனத்தைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறைய கொடுத்துப் பழகினவருக்குப் புறாவைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் கஷ்டம்.

இங்கேதான் உங்கள் கணவரைப் பற்றிக் கொஞ்சம் பேச விரும்புகிறேன். கடிதத்தில் நீங்கள் அவர்மேல் கோபமாக இருப்பது தெரிகிறது, நியாயமான கோபம், உங்களைக் கேட்காமல் உங்கள் இருவர் பணத்தையும் வாக்குக் கொடுத்தது தவறு. ஆனாலும் அன்றைக்கு எழுந்து நின்றவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வேலை போனவர். பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டவர். இத்தனை வருடமாகச் சபையில் முதலில் கொடுக்கிறவர் என்று எல்லோரும் அறிந்தவர். இப்படிப்பட்ட ஆண்கள் வருமானம் குறைந்ததும் வீட்டுச் செலவைக் குறைக்க எளிதாகச் சம்மதிப்பார்கள், சபையில் கொடுப்பதைக் குறைக்க மட்டும் சம்மதிக்கவே மாட்டார்கள், இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கொடுக்கிற இடத்தில்தான் நான் இன்னும் பழைய ஆளாக இருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பிடிப்பு. அதில் பக்தி உண்மையாகவே இருக்கும், அவமானமும் கலந்திருக்கும், எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. "உங்களுக்குப் பெருமை" என்று நீங்கள் சொன்னால் அந்த நிமிடமே பேச்சு முடிந்துவிடும்.

அதனால் பில் கட்டுகிற அன்றும் பேசாதீர்கள், ஆராதனை முடிந்து வருகிற வழியிலும் பேசாதீர்கள். இரண்டு பேருக்கும் அவசரம் இல்லாத ஒரு நேரத்தில், "அன்றைக்கு எழுந்து நிற்கும்போது உங்கள் மனதில் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு முழுதாகக் காது கொடுங்கள், நடுவில் மருந்தை இழுக்காதீர்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, உங்கள் பயத்தைச் சொல்லுங்கள், குற்றச்சாட்டாக இல்லாமல் பயமாகவே. "பை வரும்போது எனக்கு நெஞ்சு படபடக்கிறது" என்று எனக்கு எழுதினீர்களே, அதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. விசனமாயும் கட்டாயமாயும் கொடுக்க வேண்டாம், "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. ஒரே பர்ஸிலிருந்து போகிற காணிக்கையில் ஒருவருக்கு உற்சாகம், இன்னொருவருக்கு நடுக்கம் என்றால் அந்த வசனம் உங்கள் வீட்டில் பாதிதான் நிறைவேறுகிறது.

பொருத்தனையை மீறினால் பாவமாயிற்றே என்று அவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பொருத்தனை பண்ணிக்கொண்டால் அதைச் செலுத்தத் தாமதியாதே என்று பிரசங்கி 5:4 சொல்கிறது, அதை நான் மழுப்பமாட்டேன். சொன்ன வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஆனால் லேவியராகமம் 27:8-ஐ அவருக்குக் காட்டுங்கள். பொருத்தனை பண்ணினவன் அந்த மதிப்பைச் செலுத்த முடியாத தரித்திரனாக இருந்தால், அவன் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும், ஆசாரியன் அவனுடைய திராணிக்கேற்றபடி மதிப்பிட வேண்டும். பொருத்தனைகளைப் பற்றிய அதிகாரத்திலேயே, முடியாமல் போனவனுக்கு வழி எழுதி வைத்திருக்கிறது. ஓடி ஒளிய வேண்டாம், கடன் வாங்கவும் வேண்டாம், நேரில் வந்து என்னால் இவ்வளவுதான் முடியும் என்று சொன்னால் போதும்.

அதைத்தான் அவரும் செய்ய வேண்டும். போதகரைத் தனியாகச் சந்தித்து, முடிந்தால் நீங்கள் இருவரும் சேர்ந்தே போய், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "ஐயா, அன்றைக்கு நான் சொன்ன தொகையைச் செலுத்த இப்போது எனக்குத் திராணி இல்லை. முதல் தவணையையே கார்டில் கடன் எடுத்துத்தான் கொடுத்தேன். கொடுக்க மனது இருக்கிறது. கடன் வாங்காமல் மாதம் இவ்வளவு முடியும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள்." கார்டு விஷயத்தை மறைக்க வேண்டாம். கொடுத்த முதல் தவணையைத் திருப்பிக் கேளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், சில போதகர்கள் தெரிந்தவுடன் தாங்களாகவே திருப்பித் தருவார்கள், தந்தால் கூச்சப்படாமல் வாங்கி அப்படியே கார்டில் கட்டிவிடுங்கள். நல்ல மேய்ப்பன் இதைக் கேட்டு வருத்தப்படுவார், உங்களுக்காக ஜெபிப்பார், குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது என்று விசாரிப்பார். அதை விட்டுவிட்டு சாபம் வரும் என்று மிரட்டினால், நீங்கள் கொடுக்கிற இடத்தைப் பற்றி இருவரும் நிதானமாக யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கணக்குக் கேட்பதும் அவிசுவாசம் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எருசலேம் பணத்தை எடுத்துப்போக பவுல் தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார், ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாக இருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கப் பார்க்கிறோம் என்று எழுதினார். ஆசரிப்புக் கூடாரம் கட்டும்போது ஜனங்கள் தேவைக்கு மேல் கொண்டுவந்து குவித்ததும், போதும், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் முழுவதும் சொல்லி நிறுத்தினார், யாத்திராகமம் 36-இல் இருக்கிறது. போதும் என்று சொல்லத் தெரிந்த தலைவர்களிடம் நிம்மதியாகக் கொடுக்கலாம்.

இது வரைக்கும் உங்கள் பக்கம் பேசினேன். இனி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தை முதல் தடவை வாசித்தபோதே என் கண் நின்ற வரி கட்டடத்தைப் பற்றியது இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பயத்தில் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். உங்கள் கணவரின் பொருத்தனையை மறுத்தது ஞானம். ஆனால் அதே பயம் இன்னொரு பக்கம் போய், உங்கள் கைக்கு எட்டின, உங்களுக்கு முடிந்த, நீங்கள் சந்தோஷமாகச் செய்துகொண்டிருந்த ஒன்றையும் பிடித்துக்கொண்டது. அவர் பயத்தை மறைக்க அதிகமாகக் கொடுக்கிறார், நீங்கள் பயத்தினால் கையை மூடிக்கொண்டீர்கள், இரண்டு பேரையும் நடத்துவது ஒரே பயம்தான்.

நாம் ஏன் கொடுக்கிறோம் என்பதற்கு பவுல் சொல்லும் காரணம் ஒன்றுதான். அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும் உங்கள் நிமித்தம் தரித்திரரானார் என்று கிறிஸ்துவைக் காட்டுகிறார். நமக்குக் கிடைத்துவிட்டது, அதனால் கொடுக்கிறோம். கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதை நான் விசுவாசம் என்று அழைக்கமாட்டேன், அது வியாபாரம், அதிலும் ஏழைகளைக் குறி வைக்கும்போது கொடுமையான வியாபாரம். தேவன் ஆசீர்வதிக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2 கொரிந்தியர் 9:11-ஐ வாசித்தால், அந்த ஆசீர்வாதமும் இன்னும் உதாரமாகக் கொடுப்பதற்காகத்தான் வருகிறது.

ஆதிச் சபையைப் பாருங்கள். கிபி 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் தங்கள் சபையின் பணப்பெட்டியைப் பற்றி எழுதுகிறார்: மாதத்துக்கு ஒரு தடவை, அவரவர் விரும்பினால், முடிந்தால் மட்டும், சின்னத் தொகை போடுகிறார்கள், யாருக்கும் கட்டாயம் இல்லை. அந்தப் பணம் ஏழைகளுக்குச் சாப்பாடு போடவும் அவர்களை அடக்கம் பண்ணவும், தாய்தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும், வயதாகி வீட்டோடு முடங்கினவர்களுக்கும், கப்பல் உடைந்து எல்லாம் இழந்தவர்களுக்கும், விசுவாசத்துக்காகச் சிறையில் இருந்தவர்களுக்கும் போனது. ஏறக்குறைய 165 வருடம் கழித்து, 362-இல், கிறிஸ்தவத்தைப் பிடிக்காத ரோமப் பேரரசன் ஜூலியன் தன் பூசாரி ஒருவருக்கு எழுதின கடிதத்தில், இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்களே என்று குறைபட்டுக்கொள்கிறான். விரோதியின் கண்ணிலேயே பட்டது இந்தத் தாராளம். பக்கத்து வீட்டு அம்மா உங்கள் சபையா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் பரவாயில்லை, மறுபடியும் கொடுக்கத் தொடங்குங்கள்.

சரி, எவ்வளவு கொடுப்பது? தசமபாகம் இன்றைக்கும் கட்டளைதான் என்கிற சபைகள் உண்டு, அது ஒரு நல்ல தொடக்க அளவு மட்டுமே என்கிற சபைகளும் உண்டு. அப்போஸ்தலர்கள் சபைகளுக்கு எழுதின நிருபங்களில் இத்தனை சதவீதம் கொடு என்று ஒரு கட்டளையும் இல்லை, அவனவன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கச் சொல்லி 1 கொரிந்தியர் 16:2-இல் இருக்கிறது, நான் அந்தப் பக்கம்தான். வரவு பாதியானால் காணிக்கையும் குறையும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு காகிதத்தை எடுத்து, கைக்கு வருகிற சம்பளத்தை 100 பங்காக எழுதுங்கள். வீட்டுக் கடன் 35, வீடு நடத்த 38, மருந்து 12 என்று வந்தால் மீதி 15. (உங்கள் எண்கள் வேறாக இருக்கும், முறை இதுதான்.) அந்த 15-இல் 10 கார்டுக்கு, 5 கொடுப்பதற்கு. அந்த ஐந்திலும் மூன்று சபைக்கு, ஒன்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, ஒன்று யாருக்காவது திடீரென்று தேவைப்பட்டால் கொடுக்க. கட்டடத்துக்கு அவர் மாதம் தருவதாகப் போதகரிடம் சொல்லப்போகும் தொகையும் அந்த மூன்றுக்குள்ளேதான் அடங்க வேண்டும். கடனை முழுக்க அடைத்துவிட்டுக் கொடுங்கள், அதுவரை ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிற ஆலோசகர்கள் உண்டு, கணக்குப்படி அவர்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் இரண்டு மூன்று வருடம் மூடியே இருந்த கை, கடன் தீர்ந்த பிறகு தானாகத் திறப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் சின்னதாக இருந்தாலும் நிறுத்தாதீர்கள் என்கிறேன். உங்கள் கணவர் தசமபாகமான பத்தை விடவே மாட்டேன் என்று மனச்சாட்சியோடு நின்றால் சண்டை போடாதீர்கள். அந்த மிச்ச ஐந்தையும் உங்கள் இருவருடைய சொந்த வசதிகளிலிருந்து, உடையோ ஃபோனோ வெளியே போவதோ, எதைக் குறைத்தாவது கண்டுபிடிக்கட்டும். மருந்திலிருந்தும் கார்டுத் தவணையிலிருந்தும் கூடாது என்பது மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட விதியாக இருக்கட்டும்.

ஐந்து என்றதும் அவர் முகம் சுருங்கினால் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியின் கணக்கைச் சொல்லுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்தில் மெதடிஸ்டுகள் என்று அழைக்கப்பட்ட வாலிபர்களில் ஒருவருக்கு வருட வருமானம் 30 பவுண்ட், 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார் என்று வெஸ்லியே எழுதியிருக்கிறார். அது வெஸ்லியேதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடுத்த வருடம் வருமானம் 60 ஆனது, அப்போதும் 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, அதற்கடுத்த வருடம் 120 வந்தபோது 92. எல்லோரும் அந்த 92-ஐப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் முதல் வருடத்தைப் பாருங்கள், முப்பதில் இரண்டு, பத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த வருடத்தில் அவருக்கு அவ்வளவுதான் முடிந்தது, அதைக் கடன் இல்லாமல் கொடுத்தார், வருமானம் ஏறினபோது வாழ்க்கைச் செலவை ஏறவிடாமல் பிடித்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் அந்தக் கார்டு கடன் முடியும், கணவருக்கு இதைவிட நல்ல வேலையும் வரலாம். அந்த மாதத்தில் திடீரென்று 10 பங்கு கையில் மிச்சமாக நிற்கும், அன்றைக்கு அதற்கு நூறு செலவுகள் வந்து கேட்கும். அதனால் அது எங்கே போக வேண்டும் என்று இப்போதே, அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள்: பாதி அவசரத் தேவைக்கான சேமிப்புக்கு, பாதி கொடுப்பதற்கு. அந்தப் பாதியில் எவ்வளவு கட்டடத்துக்கு என்பதை உங்கள் கணவர் எழுதட்டும், எவ்வளவு பக்கத்து வீட்டுக்கு என்பதை நீங்கள் எழுதுங்கள், இரண்டு பேரும் கீழே கையெழுத்துப் போடுங்கள்.